ஐட்லிங்கில் உதறும் சிறு விமான எஞ்சின்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் முறை

எஞ்சின் ஐட்லிங்கில் (த்ராட்டிலை மூடிய மெதுவான ஓட்டத்தில்) உதறுகிறது என்றதும் பலருடைய கை நேராகப் போவது கார்புரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்குத்தான், அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவைத் திருத்தும் ஸ்க்ரூவுக்கு. அதைக் கடைசியில் தொடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சிலிண்டரின் இன்டேக் குழாயில் ஏர் லீக் இருக்கும். ஸ்க்ரூவைத் திருப்பி நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து எரிபொருளைக் கூட்டிவிடுவார்கள். உதறல் அடங்கும். கொஞ்ச நாளில் மற்ற மூன்று சிலிண்டர்களின் பிளக்கும் கரி பிடித்து, அதே விமானம் வேறொரு புகாரோடு திரும்பி வரும். இந்தச் சுற்றை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இங்கே சொல்வது லைகாமிங் ஓ-235, ஓ-320, ஓ-360, கான்டினென்டல் ஓ-200 போன்ற நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் வரும் ஃப்ளோட் (மிதவை) வகை ஒற்றைக் கார்புரேட்டருக்கு. இரட்டைக் கார்புரேட்டர் உள்ள ரோட்டாக்ஸ் 912-க்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன். நான் தரும் எண்ணும் உங்கள் எஞ்சின் மேனுவலில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் மேனுவல் சொல்வதுதான் சரி.

இன்னொன்று. சான்றிதழ் பெற்ற விமானத்தில் கார்புரேட்டரைத் திருத்துவதும், திருத்தியதற்குக் கையெழுத்துப் போடுவதும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் வேலை. நீங்கள் விமானியோ உரிமையாளரோ என்றால், பார்ப்பது, சோதிப்பது, எழுதி வைப்பது வரை உங்களுடையது. அதைச் சரியாகச் செய்தாலே பொறியாளரின் பாதி வேலை முடிந்துவிடும்.

## தொடங்கும் முன்

ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ திருப்பாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எஞ்சினை நிறுத்துங்கள்: காக்பிட்டில் உள்ள மிக்ஸ்சர் நாபை முழுக்க இழுத்து எரிபொருளை நிறுத்தி, மேக்னெட்டோ (பிளக்குகளுக்குப் பொறி தரும் இரண்டு கருவிகள்) சாவியை ஆஃப் செய்து, கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சாவி ஆஃபில் இருப்பதால் மட்டும் ப்ரொபெல்லர் பாதுகாப்பானது ஆகிவிடாது. மேக்னெட்டோவின் கிரவுண்ட் ஒயர் எங்காவது அறுந்திருந்தால், சாவி ஆஃபில் இருக்கும்போதே ப்ரொபெல்லரைக் கையால் லேசாக நகர்த்தினாலும் எஞ்சின் ஓர் அடி அடித்துவிடும். அதனால் நிறுத்துவதற்கு முன் ஐட்லிங்கில் ஒரு நொடி சாவியை ஆஃபுக்குக் கொண்டுபோய் உடனே திருப்புங்கள். எஞ்சின் அந்த நொடியில் அடங்க வேண்டும். அடங்காமல் ஓடினால் இந்த வேலை அத்தனையும் அப்புறம். முதலில் அந்த ஒயரைச் சரிசெய்ய வேண்டும்.

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரட்டும். ஆயில் வெப்பநிலை பச்சைக்குள் வந்திருக்க வேண்டும். ஒரு சின்னப் பறப்பை முடித்து இறங்கிய சூடு இன்னும் நல்லது. அரைச் சூட்டில் பார்த்தால் எல்லா எஞ்சினும் லீனாகத்தான் (எரிபொருள் குறைவாக) தெரியும். விமானத்தின் மூக்கு காற்றை எதிர்கொண்டு நிற்கட்டும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் மூடியிருக்கட்டும்.

அடுத்து மேக்னெட்டோ சோதனை. மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஒவ்வொரு மேக்னெட்டோவாக மாற்றிப் பாருங்கள். பல லைகாமிங் எஞ்சின்களுக்கு ஆர்பிஎம் இறக்கம் 175-க்குள்ளும், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-க்குள்ளும் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இங்கேயே நின்று, கீழே 'ஒரே சிலிண்டர் மிஸ் ஆகிறது' என்ற பகுதிக்குப் போங்கள். பற்றவைப்பில் கோளாறை வைத்துக்கொண்டு கார்புரேட்டரைத் திருத்துவது வீண்வேலை.

## கார்புரேட்டர் என்ன சொல்கிறது என்று கேட்கும் சோதனை

த்ராட்டிலை முழுக்க மூடுங்கள். ஆர்பிஎம் ஓரிடத்தில் நிற்கட்டும். மிக்ஸ்சர் நாபை நிறுத்தும் நிலையை நோக்கி மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். கண் ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர் முள்ளின் மேல் இருக்கட்டும். எஞ்சின் அணைவதற்குச் சற்று முன்னால் முள் கொஞ்சம் மேலே ஏறும். அந்த ஏற்றம் எவ்வளவு என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

25 முதல் 50 வரை ஏறி, அப்புறம் விழுந்தால் ஐட்லிங் மிக்ஸ்சர் சரியாக இருக்கிறது. 50-ஐத் தாண்டினால் ரிச் (எரிபொருள் அதிகம்). கொஞ்சமும் ஏறாமல் நேராக விழுந்தால் லீன்.

ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் 2000 ஆர்பிஎம் வரை ஏற்றிச் சில நொடிகள் ஓடவிட்டு, சிலிண்டரில் தேங்கியதை வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பழைய மெக்கானிக்கல் டேக்கோமீட்டரில் 25 ஆர்பிஎம் என்பது முள்ளின் தடிமன்தான். அது தெரியவில்லை என்றால், ப்ரொபெல்லரை நோக்கிப் பிடிக்கும் ஆப்டிகல் டேக்கோமீட்டரை காக்பிட்டுக்குள்ளிருந்தே வைத்துப் பாருங்கள். முள் காட்டுவதற்கும் உண்மைக்கும் வித்தியாசம் இருப்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஏற்றம் சரியாக 25–50-க்குள் இருந்தும் எஞ்சின் உதறுகிறது என்றால், மிக்ஸ்சர் ஸ்க்ரூவில் கை வைக்கக் காரணமே இல்லை. ஒரே சிலிண்டர், வால்வு, எஞ்சின் மவுன்ட் என்று வேறு பக்கம் தேடுங்கள். எடை குறைந்த மர ப்ரொபெல்லர் போட்ட எஞ்சின் ஐட்லிங்கில் இயல்பாகவே கொஞ்சம் ஆடும், அதையும் நினைவில் வையுங்கள்.

## அறிகுறி: ஏற்றம் 50-க்கு மேல், கறுப்புப் புகை, பிளக்கில் காய்ந்த கரி

எஞ்சின் உருண்டு உருண்டு ஓடும். மிக்ஸ்சரைக் கொஞ்சம் இழுத்ததுமே தெளிவாகும். எளியதில் தொடங்கிச் செலவானது வரை இந்த வரிசையில் பாருங்கள்.

ப்ரைமர், அதாவது ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குள் எரிபொருள் அடிக்கும் பம்ப். முதலில் பார்க்க வேண்டியது இதுதான், செலவும் இல்லை. கையால் அடிக்கும் ப்ரைமரை உள்ளே தள்ளித் திருகிப் பூட்டாமல் விட்டால், ஐட்லிங்கில் இருக்கும் பலத்த உறிஞ்சலில் எஞ்சின் அதன் வழியாகவே எரிபொருளை இழுத்துக்கொள்ளும். பூட்டியிருந்தும் உள்ளே ஓ-ரிங் தேய்ந்திருந்தால் இதே கதைதான். ப்ரைமர் குழாய் போகும் சிலிண்டர்களின் பிளக் மட்டும் கறுத்து, மற்றவை சுத்தமாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். பொறியாளர் எஞ்சின் பக்கத்தில் அந்தக் குழாயைக் கழற்றி இரு முனையையும் அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

கார்ப் ஹீட். நாப் முழுக்க உள்ளே இருந்தாலும் ஏர்பாக்ஸில் (கார்புரேட்டருக்குக் காற்று வரும் பெட்டியில்) உள்ள மடல் சரியாக உட்காராமல் இருக்கலாம். சூடான காற்று கசிந்து உள்ளே போகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் கலவை ரிச் ஆகும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஒருவர் நாபை இயக்க, இன்னொருவர் மடலை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

இடமும் வானிலையும். கடல் மட்டத்தில் திருத்திய கார்புரேட்டர் மலை மேல் உள்ள ஓடுதளத்தில் ரிச்சாகத்தான் ஓடும். கடும் வெயிலிலும் அப்படியே. ஒரு பயணத்துக்காக ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டாம். டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டிச் செல்லும்போது) மிக்ஸ்சரை நன்றாக இழுத்து வையுங்கள். த்ராட்டிலைத் திறந்தால் எஞ்சின் திணறும் அளவுக்கு இழுத்தால்தான், மறந்துபோய் அப்படியே டேக்-ஆஃபுக்குப் போகும் ஆபத்து வராது.

ஏர் ஃபில்டர். அழுக்கானால் மாற்றுங்கள். ஆனால் ஐட்லிங்கில் இதன் பங்கு சிறிது.

ஐட்லிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. மேலே உள்ளவை சுத்தம் என்றான பிறகு. திருப்பும் முறை கீழே.

ஃப்ளோட்டும், அது மூடித் திறக்கும் நீடில் (ஊசி) வால்வும். ஸ்க்ரூவை லீன் பக்கம் திருப்பியும் மாற்றமில்லை, எஞ்சின் நின்றிருக்கும்போது கார்புரேட்டரிலிருந்து எரிபொருள் சொட்டுகிறது என்றால், நீடில் இருக்கையில் சரியாக அமரவில்லை. அல்லது ஃப்ளோட் எரிபொருளை உறிஞ்சிக் கனத்துவிட்டது. இங்கே நிறுத்துங்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டிய கட்டம் இது.

## அறிகுறி: ஏற்றமே இல்லை, ஆர்பிஎம் ஏறி இறங்கி அலைகிறது

எனக்கு அதிக வேலை வைத்தது இந்த அறிகுறிதான். தவறாகத் திருத்தப்படுவதும் இதுவே.

லீன்தானா என்று உறுதிசெய்ய எளிய வழி உண்டு. ஐட்லிங்கில் கார்ப் ஹீட்டை முழுக்க இழுங்கள். அது கலவையைக் கொஞ்சம் ரிச் ஆக்கும். உதறிக்கொண்டிருந்த எஞ்சின் அப்போது சமாதானமாகி ஓடினால், லீன்தான், சந்தேகம் வேண்டாம். இன்னும் மோசமானால் மேலே சொன்ன ரிச் பகுதிக்குத் திரும்புங்கள்.

எரிபொருள் ஃபில்டரைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று பலர் தொடங்குவார்கள். ஐட்லிங்கில் எஞ்சின் குடிப்பது மிகக் கொஞ்சம். ஃபில்டரில் அடைப்பு இருந்தால் அது முழுச் சக்தியில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதிக ஆர்பிஎம்மில் நன்றாக இழுத்து, ஐட்லிங்கில் மட்டும் உதறுகிற எஞ்சினில் ஃபில்டரை விட்டுவிட்டு இந்த வரிசையில் வாருங்கள்.

கேபிள். மிக்ஸ்சர் நாபை முழுக்க உள்ளே தள்ளியபின் கார்புரேட்டரில் உள்ள லீவரைப் பாருங்கள். அது தன் முட்டுக்கட்டையில் போய் இடித்து நிற்க வேண்டும். காக்பிட்டில் நாப் பேனலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே லீவர் முட்ட வேண்டும்; அந்தச் சிறு இடைவெளிதான் லீவர் முழுக்கப் போய்விட்டது என்பதற்கு உங்கள் ஆதாரம். நாப் பேனலில் ஒட்டி நின்றும் லீவர் முட்டவில்லை என்றால், கிளாம்ப் வழுக்கியிருக்கிறது.

ஏர் லீக். த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் இன்டேக்கில் உறிஞ்சல் மிகப் பலமாக இருக்கும். அதனால் ஒரு மயிரிழை விரிசல்கூட ஐட்லிங்கைக் கெடுக்கும், 1800-க்கு மேல் போனதும் ஒன்றுமே தெரியாது. உங்கள் எஞ்சின் கீழே உதறி மேலே வெண்ணெயாக ஓடினால், முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மேனிஃபோல்டு பிரஷர் மானி (இன்டேக்கில் உள்ள அழுத்தத்தைக் காட்டுவது) இருந்தால், ஐட்லிங்கில் வழக்கமாகக் காட்டுவதைவிட அதிகமாகக் காட்டும்.

கௌலிங்கை (எஞ்சின் மேல்மூடியை) கழற்றி ஒவ்வொரு இன்டேக் குழாயையும் இரு முனையிலும் பாருங்கள். சிலிண்டர் பக்கத்தில் ஃப்ளாஞ்சும் கேஸ்கெட்டும் இருக்கும். நட் தளர்ந்திருக்கலாம், கேஸ்கெட் அமுங்கி வெடித்திருக்கலாம். மறுமுனையில் ரப்பர் இணைப்பும் கிளாம்பும். ரப்பரைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், விரலால் அழுத்துங்கள். புது ரப்பர் அமுங்கி மீளும்; பழையது எலும்புபோல இறுகியிருக்கும், கிளாம்பைத் தளர்த்தினால் அதன் அடியில் வட்டமாக ஒரு விரிசல் ஓடியிருக்கும். கிளாம்பை மேலும் மேலும் இறுக்கிச் சமாளிக்க நினைத்தால் அதுவே ரப்பரை அறுத்துவிடும்.

விமான பெட்ரோல் 100 எல்.எல். நீல நிறம். கசிந்த இடத்தில் காய்ந்து நீலக் கறை விடும். அந்தக் கறை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்குங்கள். கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்துக் கேஸ்கெட், ப்ரைமர் நாசில், பயன்படுத்தாத ப்ரைமர் துளையை அடைத்திருக்கும் பிளக், மேனிஃபோல்டு பிரஷர் மானிக்குப் போகும் குழாய், இவை எல்லாம் பலர் கண்ணில் படாத இடங்கள்.

கண்ணில் படவில்லை என்றால் சோப்புத் தண்ணீர். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், எரிபொருள் வால்வு மூடியிருக்க வேண்டும். வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து ஒரு நீளமான ஹோஸைப் போட்டு, கார்புரேட்டரின் காற்று நுழையும் வாய் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். லீக் இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும். கிளீனரின் மோட்டார் பொறி பறக்கும் சாதனம். அதை எரிபொருள் வாடை எட்டாத தூரத்தில் வையுங்கள். கார் மெக்கானிக்குகள் செய்வதுபோல ஓடுகிற எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும் முறை இங்கே வேண்டவே வேண்டாம். சுழலும் ப்ரொபெல்லரும் கொதிக்கும் எக்ஸாஸ்டும் அடுத்தடுத்து இருக்கும் இடம் அது.

ஐட்லிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. லீக் இல்லை என்று உறுதியானால் மட்டும்.

ஐட்லிங் பாதையில் அடைப்பு. ஸ்க்ரூவை ரிச் பக்கம் நன்றாகத் திருப்பியும் எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை என்றால், உள்ளே ஐட்லிங் ட்யூபிலோ த்ராட்டில் தட்டின் ஓரத்துச் சிறு துளைகளிலோ அழுக்கு இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் கார்புரேட்டர் வீண். பட்டறை வேலை.

த்ராட்டில் ஷாஃப்ட் தேய்மானம். த்ராட்டில் லீவரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் தன் புஷ்ஷிங்கில் கடகடவென்று ஆடினால் அந்த இடைவெளி வழியாகக் காற்று போகிறது. ஒவ்வொரு முறை த்ராட்டிலை மூடும்போதும் ஷாஃப்ட் வேறு வேறு இடத்தில் உட்காரும், ஐட்லிங்கும் மாறிக்கொண்டே இருக்கும். எந்த ஸ்க்ரூவும் இதைத் தீர்க்காது. செலவில் பெரியதும் இதுதான்: கார்புரேட்டர் ஓவர்ஹால்.

## ஸ்க்ரூவைத் திருப்பும் முறை

முதலில், எது எந்த ஸ்க்ரூ என்று தெரிந்துகொள்ளுங்கள். த்ராட்டில் லீவர் முட்டும் இடத்தில் இருப்பது வேகத்துக்கு. கார்புரேட்டர் உடலில் ஸ்பிரிங்கோடு இருப்பது மிக்ஸ்சருக்கு. மார்வெல்-ஷெப்ளர் வகைக் கார்புரேட்டரில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் லீன், வெளியே எடுத்தால் ரிச்.

இப்போது இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு, ஸ்க்ரூவை உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி, அதே எண்ணுக்குத் திரும்ப எடுத்து வையுங்கள். உட்காரும் இடத்தில் விரல் நுனியின் பலம் போதும். அழுத்தி இறுக்கினால் ஊசி முனையில் வளையமாகத் தழும்பு விழும், அப்புறம் அது நுணுக்கமாகத் திருத்த வராது.

வேக ஸ்க்ரூவால் விமான மேனுவல் சொல்லும் ஐட்லிங் ஆர்பிஎம்மை வையுங்கள். நிறுத்துங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று திருப்புங்கள். ஓட்டுங்கள், 2000-க்கு ஏற்றி இறக்குங்கள், மிக்ஸ்சர் நாபை இழுத்து ஏற்றத்தைப் பாருங்கள். போதவில்லை என்றால் மறுபடி. மிக்ஸ்சர் மாறினால் வேகமும் மாறும், அதனால் கடைசியில் வேக ஸ்க்ரூவை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். அவசரப்பட்டால் அரைச் சுற்று திருப்பத் தோன்றும். அப்படித் திருப்பியவர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய் மறுபுறம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

## அறிகுறி: ஒரே சிலிண்டர் மிஸ் ஆகிறது

உதறல் ஒரு தாளத்தில் வரும். எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

ஆறின எஞ்சினைக் கிளப்பி, மேக்னெட்டோ சோதனையில் மோசமாக இருந்த பக்கத்தில் மட்டும் 1000 ஆர்பிஎம் அளவில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். மிக்ஸ்சரை இழுத்து நிறுத்துங்கள், சாவியை எடுங்கள், எக்ஸாஸ்ட் குழாய்கள் நான்கையும் சிலிண்டருக்கு அருகில் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். மூன்று சூடாகவும் ஒன்று ஆறியும் இருக்கும். அதுதான் உங்கள் சிலிண்டர்.

ஆறிய சிலிண்டர் ஒரு மேக்னெட்டோவில் மட்டும் என்றால் பிளக், அல்லது அதற்குப் போகும் ஒயர். தரையில் செய்யக்கூடிய முதல் முயற்சி, 1800–2000 ஆர்பிஎம்மில் மிக்ஸ்சரை லீன் ஆக்கி ஒரு நிமிடம் ஓட்டி, பெட்ரோலிலிருந்து பிளக்கில் சேர்ந்த ஈயப் படிவை எரித்துவிடுவது. போகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கீழ் பிளக்குகளில்தான் ஈயம் சிறு மணிகளாகக் கோத்துக்கொள்ளும். எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால் விஷயம் வேறு, பிஸ்டன் ரிங் பக்கம் போகும். உள்ளே ரெசிஸ்டர் உள்ள பிளக்கில் மல்டிமீட்டர் 5000 ஓமுக்கு மேல் காட்டினால் மாற்றிவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக், அங்கேயே நின்றால் ஒயர் அல்லது மேக்னெட்டோ.

இரண்டு மேக்னெட்டோவிலும் அதே சிலிண்டர் ஆறியிருந்தால் பற்றவைப்பை விடுங்கள். அந்தச் சிலிண்டரின் இன்டேக் குழாயில் ஏர் லீக், அல்லது வால்வு. லீக் இல்லை என்றால் பொறியாளரை அழைத்து, 80 பிஎஸ்ஐ கொடுத்துக் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

## அறிகுறி: காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறி, ஒரு நிமிடத்தில் சரியாகிறது

"சூடானதும் சரியாகிவிடுகிறது, பரவாயில்லை" என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் கைடில் (அது மேலும் கீழும் ஓடும் குழலில்) ஒட்டிக்கொள்வதன் முதல் அடையாளம் இது. கைடில் படியும் கரியும் ஈயமும் இடைவெளியைக் குறைக்கின்றன. இன்று ஒரு நிமிடம் ஒட்டியது நாளை பறக்கும்போது ஒட்டி, புஷ்ராடை (வால்வை இயக்கும் கம்பியை) வளைத்துவிடலாம்.

இங்கே எளியது, செலவானது என்ற வரிசையே கிடையாது. பறக்காமல் பொறியாளரை அழைக்க வேண்டும். லைகாமிங்கில் நிறுவனத்தின் பராமரிப்பு அறிவிப்பான சர்வீஸ் புல்லட்டின் 388-ன்படி வால்வு கைடு இடைவெளியைச் சோதிப்பார்கள்.

## அறிகுறி: தரையில் நன்றாக இருக்கிறது, இறங்கும்போது த்ராட்டிலை மூடினால் அணைகிறது

கார்புரேட்டர் ஐஸ். 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் 38 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்தில்கூட வரலாம். வெயில் அடிக்கிறது, ஐஸ் எப்படி வரும் என்று நினைப்பது ஆபத்து. த்ராட்டிலை மூடுவதற்கு முன்பே கார்ப் ஹீட்டை முழுக்க இழுங்கள். பாதி இழுப்பதில் பயன் இல்லை. ரன்-அப்பில் (புறப்படும் முன் செய்யும் எஞ்சின் சோதனையில்) கார்ப் ஹீட் இழுத்தால் ஆர்பிஎம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சூடு வந்து சேரவில்லை, ஹோஸும் மடலும் பார்க்கப்பட வேண்டும்.

ஐட்லிங் வேகம் குறைவு. டேக்கோமீட்டர் அதிகமாகக் காட்டும் பழக்கமுள்ளதா என்று பாருங்கள். குளிர் காலத்தில் இந்தப் புகார் கூடும்.

லீன் பக்கம் சாய்ந்த மிக்ஸ்சர். மேலே சொன்ன வரிசை.

காற்றில் ஒரு முறை அணைந்த எஞ்சினை "மறுபடி பார்த்துக்கொள்ளலாம்" என்று இன்னொரு சுற்றுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

## அறிகுறி: த்ராட்டிலைத் திறந்தால் ஒரு நொடி திணறுகிறது

சட்டென்று திறந்தால் மட்டும் திணறினால், த்ராட்டிலைத் திறக்கும்போது கூடுதல் எரிபொருள் அடிக்கும் ஆக்ஸிலரேட்டர் பம்பைச் சந்தேகியுங்கள். மெதுவாகத் திறந்தாலும் திணறினால் ஐட்லிங் லீன். பம்பின் தோல் அல்லது ரப்பர் தேய்ந்திருந்தால் பட்டறை. விமானி செய்ய முடிந்தது, த்ராட்டிலை இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டு திறப்பது. எஞ்சினுக்கும் அதுதான் நல்லது.

## அறிகுறி: மிக்ஸ்சரை இழுத்தும் நிற்கவில்லை, அல்லது நின்றபின் சொட்டுகிறது

நிற்கவில்லை என்றால் லீவர் மறுபக்க முட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். போகிறது, இருந்தும் ஓடுகிறது என்றால் உள்ளே மிக்ஸ்சர் வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது ப்ரைமர் வழியாக எரிபொருள் வருகிறது.

ஸ்டார்ட் செய்யும் முன் த்ராட்டிலைப் பலமுறை அடித்திருந்தால் ஏர்பாக்ஸிலிருந்து கொஞ்சம் சொட்டும், அது இயல்பு. எரிபொருள் வால்வைத் திறந்து வைத்தால் போதும், சும்மா நிற்கும்போதே சொட்டிக்கொண்டிருக்கிறது என்றால் தீ ஆபத்து. வால்வை மூடுங்கள், எஞ்சினைக் கிளப்பாதீர்கள், பொறியாளரிடம் விடுங்கள்.

## ரோட்டாக்ஸ் 912: இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகாதபோது

இதில் மிக்ஸ்சர் நாப் கிடையாது, அதனால் மேலே சொன்ன ஏற்றச் சோதனையும் கிடையாது. இடப்பக்கக் கார்புரேட்டர் (பிங் நிறுவனத்துடையது) இரண்டு சிலிண்டருக்கும், வலப்பக்கம் மற்ற இரண்டுக்கும். இரண்டும் ஒரே அளவு திறக்கவில்லை என்றால் எஞ்சின் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டு உதறும், கியர்பாக்ஸ் கடகடக்கும்.

ஐட்லிங் வேகத்தை முதலில் பாருங்கள். 1400-க்குக் கீழே போகக் கூடாது. சற்று மேலே வைத்தாலே கியர்பாக்ஸ் சத்தம் பாதி குறைவதைப் பார்க்கலாம். அடுத்து சோக் லீவர் முழுக்க மூடிய நிலைக்கு இரண்டு கார்புரேட்டரிலும் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு கேபிள் ஒரு நூல் இழுத்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் ரிச். ரப்பர் ஃப்ளாஞ்சில் விரிசல் தேடுங்கள். அப்புறம் ஐட்லிங் ஜெட். பல வாரம் நிறுத்தி வைத்த விமானத்தில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி அந்தச் சிறு துளையை அடைத்துவிடும், ஒரு பக்கம் மட்டும் மிஸ் ஆகும். கழற்றி, கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றியிருக்கும்போதே ஃப்ளோட் இரண்டையும் சேர்த்து எடை போடுங்கள்: 7 கிராமுக்கு மேல் என்றால் எரிபொருளை உறிஞ்சியிருக்கின்றன, மாற்ற வேண்டும். மிக்ஸ்சர் ஸ்க்ரூ உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே, இரண்டிலும் ஒரே அளவு.

இவை முடிந்த பிறகே ஒத்திசைவு. கேபிள் இரண்டும் ஒரே நேரத்தில் நகரத் தொடங்கி, ஒரே நேரத்தில் முட்டில் உட்கார வேண்டும். அதன்பின் இரு பக்கமும் வாக்குவம் மானி இணைத்து, ஐட்லிங்கிலும் அதற்கு மேலும் இரண்டு முள்ளும் சேர்ந்தே நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் ஒத்துப்போய் 2500-இல் பிரிந்தால் கேபிள் நீளம். மேலே ஒத்துப்போய் ஐட்லிங்கில் பிரிந்தால் வேக ஸ்க்ரூ.

இந்தக் கார்புரேட்டரின் த்ராட்டில் லீவரில் உள்ள ஸ்பிரிங், கேபிள் கழன்றால் த்ராட்டிலை முழுக்கத் திறக்கும் பக்கம் இழுக்கிறது. பறக்கும்போது கேபிள் அறுந்தால் எஞ்சின் சக்தியை இழக்காமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். தரையில் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மறந்து ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் நேராக முழுச் சக்திக்குப் போகும். ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு கேபிளையும் கையால் தொட்டுப் பார்த்து, த்ராட்டில் மூடியிருப்பதைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். வாக்குவம் மானி இல்லை, அல்லது இதை முதல்முறை செய்கிறீர்கள் என்றால், ஒத்திசைவை ரோட்டாக்ஸ் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுங்கள்.